மருமகள் பெட்டியில் ஒரு ஸ்வெட்டர்

"அம்மா, நாளைக்கு மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக் குடு."

என் மகன் தங்கவேல் இப்படிச் சொன்னபோது நான் அடுப்பில் சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் சன்னிவேல் என்கிற ஊரில் மாடி வீடு. மின்சார அடுப்பு. அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும்; அதனால் அதை நான் நம்புவதில்லை. சாயங்காலம் ஆகியும் ஜன்னலுக்கு வெளியே நடுப்பகல் மாதிரி வெயில். அதையும் நம்புவதில்லை.

"புளிசாதமா?"

"ஆமாம்மா. ஏன், புளி இல்லியா?"

"புளி இருக்குது. நீ கேக்கறதுதான் புதுசா இருக்குது."

"சும்மா, ஆசையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

தங்கவேலுக்கு ஆறின சோறு தொண்டையில் இறங்காது. பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து, சுடுசோறு தின்றுவிட்டுத் திரும்ப ஓடுவான். அமெரிக்காவில் வேலை கிடைத்ததும் போனில் அவன் என்னிடம் பெருமையாகச் சொன்னது சம்பளத்தை அல்ல. ஆபீஸில் மைக்ரோவேவ் இருப்பதைத்தான். "சாம்பார்ல ஆவி பறக்குதும்மா!" என்றான். (அந்தப் பெட்டியைப் பார்த்து நான் பயந்த கதையைப் போன வாரம் எழுதிவிட்டேன்.)

அப்படிப்பட்டவன் புளிசாதம் கேட்கிறான். ஆசையாம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மகன் மேல் வரவில்லை. சீனாவில் இருந்த என் மருமகள் மேல்தான் வந்தது.

நான் வந்தேன், அவள் கிளம்பினாள்

மருமகள் பெயர் கலைச்செல்வி. வீட்டில் செல்வி. கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு பெண்கள் காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். என் மகனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். அங்கே கணவன் வேலை பார்க்கலாம், மனைவி வீட்டில்தான் இருக்க வேண்டும், அப்படி ஒரு விசாவாம். ஐந்து வருஷம் இருந்தாள். குழந்தை இல்லை. ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி என் வாய் வலித்துப்போயிருந்தது.

நான் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். ஜெட்லாக் என்று அவர்கள் சொல்கிற தூக்கக் கலக்கம்கூடத் தெளியவில்லை, செல்வி காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தை, நான் லீவுக்குச் சீனா போறேனுங்க."

"சுத்திப் பாக்கவா?"

"இல்லீங்க. அங்க ஒரு காலேஜ்ல பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க. இந்தக் கோடை மட்டும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டேன்."

பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபத்தில், புதிதாக வந்த சீனத்துப் பெரியவர்களுக்கு அவள் வாரம் ஒருநாள் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தாளாம். அதை நடத்துகிற சீனத்து அம்மாளின் ஊர்க் காலேஜுக்கு ஆள் தேவைப்பட்டதாம். தங்க இடம், சாப்பாடு, போக வர டிக்கெட்.

மாமியார் கடல் தாண்டி வந்திருக்கிறாள். மருமகள் இன்னொரு கடல் தாண்டிக் கிளம்புகிறாள். நாமக்கல்லில் இதை ஒருத்தியிடம் சொன்னால் அவள் என்ன கேட்பாள்? 'புருஷனோட ஏதாச்சும் சண்டையா?' என்றுதான். அதைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவள் பெட்டி கட்டும்போது, "நான் மடிச்சுத் தர்றேன்" என்று போய் உட்கார்ந்தேன். உதவி செய்யத்தான் போனேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சுடிதார்கள், பேண்ட், ஒரு பருத்திச் சேலை, சாக்பீஸ் டப்பா. நான் இடித்துக் கொண்டுவந்த பருப்புப்பொடி இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். அரக்கு நிறம், கழுத்து வரை மூடுகிற மாதிரி.

"கோடைக்குப் போறேங்கற. ஸ்வெட்டர் எதுக்கு?"

அவள் என்னைப் பார்க்காமல், "ப்ளேன்ல குளுருமுங்க அத்தை" என்றாள்.

நானும் ப்ளேனில்தான் வந்தேன். அங்கே போர்வை கொடுக்கிறார்கள்.

மடித்து உள்ளே வைத்தேன். ஆனால் அந்த ஸ்வெட்டரை நான் என் மனதுக்குள்ளும் மடித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போன்

எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இன்னும் பார்க்காத ஒரு நாளை அவள் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கவேல் வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கார்டு ஒன்றைச் சுரண்டி, நீளமாக எண்களை அழுத்துவான். அவள் தங்கியிருந்த விடுதியில் ஒரே ஒரு போன். யாரோ எடுத்துச் சத்தமாக அவளைக் கூப்பிடுவார்கள். அப்புறம் நீண்ட நடைவழியில் செருப்புச் சத்தம் டப் டப்பென்று கிட்டே வரும். ஓடி வருகிறாள் என்று தெரியும். எங்கள் வீட்டில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் இப்படிச் சொன்னாள்.

"கிளாசுக்குள்ள போனேன் அத்தை, எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. நின்னுட்டு எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாக்கறாங்க! அமெரிக்கா டீச்சர்னு சொல்லியிருக்காங்க, மஞ்ச முடியோட ஒரு வெள்ளைக்காரம்மா வருவாங்கன்னு நெனச்சுட்டாங்க. நானு அந்த டீச்சரோட பொட்டியத் தூக்கிட்டு வர்றவன்னு நெனச்சிருப்பாங்க."

"அப்பறம்?"

"ஒரு பொண்ணு கேட்டுச்சு, நீங்க அமெரிக்காவுல எந்த ஊருன்னு. நாமக்கல்லுன்னு சொல்லிட்டேன். மொத்தக் கிளாசும் சேந்து நாமக்கல், நாமக்கல்னு சொன்னாங்க அத்தை. எனக்கு அழுகையே வந்திருச்சு."

அவர்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளைகளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் இன்னும் குஷியாக இருந்தாள். "பாடத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கறாங்க, நம்ம காலேஜ் பிள்ளைங்க மாதிரியேதானுங்க. சொந்தமா பேசச் சொன்னா வாயே தொறக்கறதில்ல. தப்பாயிருமோன்னு பயம். சரின்னுட்டு, சண்டை போடுங்கன்னு சொல்லிட்டேன்."

"சண்டையா?"

"இங்கிலீஷ்ல சண்டை. மாமியாரும் மருமகளும். என்ன போடு போட்டாங்கன்னு நெனைக்கறீங்க! இலக்கணம் எல்லாம் பறந்து போச்சு. ஒரு பொண்ணு மாமியாரா வந்து கலக்கிருச்சு."

"என்ன பண்ணுனா அவ?"

"மருமக பொட்டியத் தொறந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துச்சு அத்தை" என்றாள் செல்வி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் போனை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டில் சிரிக்காதவள் அத்தனை தூரத்தில் போய்ச் சிரிக்கிறாள். இவள் திரும்பி வரப் போவதில்லை. என் மகனை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவனுக்கு அது தெரியும், எனக்குச் சொல்லவில்லை. இப்படித்தான் நான் முடிவுகட்டினேன். அந்த வாரம்தான் அவன் புளிசாதம் கேட்டான். சோகத்தில் நாக்கு மாறிப்போயிற்று என்று நினைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

அவர் பட்டறை

மறுநாள் தயிர்சாதம் கேட்டான். அடுத்த நாள் எலுமிச்சை சாதம். அதற்கடுத்த நாள் சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கைச் சுருட்டிக் கொடு என்றான். அப்புறம் மறுபடி புளிசாதம்.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார்.

அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல கைவேலைக்காரர், கோபமும் அந்த அளவுக்கு இருந்தது. பட்டறையில் இரும்பு காய்ச்சுகிற உலை எரிந்துகொண்டே இருக்கும். மதியம் அதன் ஓரத்தில் சாப்பாடு கொண்டுபோகிற தூக்குப்போசியை வைத்துக் குழம்பைக் கொதிக்கவைத்துத்தான் சாப்பிடுவார். குழம்பில் லேசாகக் கரிவாசனை ஏறும். அது இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

ஒருசமயம் அந்த மனுஷனும் திடீரென்று புளிசாதம் கேட்டார். மறுநாளும் கேட்டார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு, எப்போதும் போலத்தான் கிளம்பினார். ஆனால் சட்டையில் கரி இல்லை. தூக்குப்போசியின் அடியில் புகை இல்லை. முதலாளியிடம் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, பகல் முழுக்க மலைக்கோட்டைக்குக் கீழே, கமலாலயக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் தூக்குப்போசியில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றி, நானே படிக்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே வேறு பட்டறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அது பெரிய கதை, இன்னொரு சமயம் பார்க்கலாம்.

சப்பாத்தியைச் சுருட்டினேன். சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாடாகவே பையன் கேட்கிறான் என்பது அப்போது உறைத்தது.

மறுநாள் புளிசாத டப்பாவோடு எப்போதும் வைக்கிற கரண்டியை எடுத்து மாவு டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆபீஸில் கையால் சாப்பிட அவனுக்குக் கூச்சம். கரண்டி இல்லாவிட்டால் போன் செய்து குறை சொல்வான். சொல்லட்டும், பார்க்கலாம்.

மதியம் தாண்டியது. போன் வரவில்லை.

ஜமீலாவின் கார்

எதிர் வீட்டில் ஜமீலா இருந்தாள். கீழக்கரைப் பெண். அவள் கணவரும் கம்ப்யூட்டர் வேலைதான். மளிகைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் காரில் கூட்டிப்போவாள்.

"ஜமீலா, பையன் கரண்டிய விட்டுட்டுப் போயிட்டான். ஆபீஸ் வரைக்கும் போலாமா?"

"கரண்டிக்கா? ஆன்ட்டி, அங்க பிளாஸ்டிக் ஸ்பூன் கொட்டிக் கெடக்கும்."

"எனக்கு அவனப் பாக்கணும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

கம்பெனி பெரிய கண்ணாடிக் கட்டடம். கார் நிறுத்துகிற இடத்தில் பாதிக்கு மேல் காலி. நான் காரிலேயே இருந்தேன். ஜமீலா உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் நடை மாறியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, சீட்பெல்ட்டை மாட்டாமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, அவர் இப்போ இங்க வொர்க் பண்ணலையாம். நெறையப் பேரை லே ஆஃப் பண்ணிட்டாங்களாம். வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

"தெனமும் கிளம்பிப் போறானே?"

"அதான் ஆன்ட்டி..." என்று இழுத்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. செல்வியும் ஊர்ல இல்ல. வேற எங்கயாச்சும், வேற யாராச்சும்..."

"எம்பையனா? அவனுக்குச் சட்டைக்குப் பொருத்தமா பேண்ட் எடுக்கவே தெரியாதும்மா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒரு பூங்கா ஓரமாக எங்கள் நீலக் காரைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் ஆஞ்சநேயர் ஸ்டிக்கர். நானே நாமக்கல்லிலிருந்து வாங்கி வந்து ஒட்டியது. "நிறுத்து" என்றேன்.

குளத்தில் வாத்துகள். புல்லில் சீனத்துப் பெரியவர்கள் சிலர், காற்றைத் தள்ளுகிற மாதிரி மெதுவாகக் கையை வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாகத் தங்கவேல். மடியில் டப்பா. கையால் பிசைந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஆட்கள் நடந்தார்கள். கூச்சம் எல்லாம் அவனுக்குப் போயிருந்தது.

நேரே போய் முன்னால் நின்றேன்.

"கரண்டிய மறந்துட்டு வந்துட்டே."

அவன் நிமிர்ந்தான். வாயில் சோறு. விக்கல் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரை நீட்டினேன்.

"எப்பயிருந்துடா?"

"செல்வி கிளம்பற வாரமே சொல்லிட்டாங்கம்மா. கடைசி நாளு, உன்கிட்ட மொதல்ல புளிசாதம் கேட்டனே, அதுக்கு முந்தின நாளு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா போயிருப்பாளா?" டப்பாவை மூடினான். "அஞ்சு வருசம்மா. காலேஜ்ல நின்னு பாடம் எடுத்தவ, சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா. இந்தச் சீனா வேலை வந்த அன்னிக்குத்தான் அவ பழையபடி பேசுனா. அதப் போய் நான் கெடுக்கறதா?"

"சரி, வேற வேலை தேடிக்க. இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

அப்போதுதான் அவன் முழுதும் சொன்னான். அவள் விசா அவன் வேலையோடு சேர்த்துக் கட்டியது. அவனுக்கு வேலை இல்லையென்றால் அவளுக்கு விசாவும் இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால், ஏர்போர்ட்டிலேயே அவளை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தக் கோடையில் எல்லாக் கம்பெனிகளும் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தன, எடுப்பவர் யாருமில்லை.

அவள் வர மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாலும் விட மாட்டார்கள் என்கிறான் இவன்.

"அவகிட்ட சொல்லிராதம்மா. எனக்கு வேலை போச்சுன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

என் கையை இழுத்து அவன் தலையில் வைத்துக்கொண்டான். கையில் புளி வாசனை. சத்தியம் செய்துவிட்டேன்.

புளிசாதம் என்று மட்டும்

சனிக்கிழமை வந்தது. செருப்புச் சத்தம் வந்தது. தங்கவேல் வழக்கம்போல ஆபீஸில் ரொம்ப வேலை என்று கதை அளந்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கியா கண்ணு?" என்றேன். "இங்க ஒண்ணும் விசேசம் இல்ல. நீ பாட்டுக்குப் பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லிக் குடு. எங்களப் பத்திக் கவலையே வேண்டாம்."

அந்தப் பக்கம் செல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, என்னாச்சுங்க?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

"என்னைய நீங்க கண்ணுன்னு கூப்பிட்டதே இல்லீங்களே."

பாருங்கள், எப்படிப்பட்டவள்! நான் அவள் பெட்டியைத் துழாவியதைக் கிளாஸில் நடிக்க வைத்தாளே, அவளுக்கு என்னைவிடப் பெரிய மூக்கு.

"உங்க பையனுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்கான்."

"ஆபீஸ் போறாரா?"

"தெனமும் கிளம்பிப் போறான்." இதில் பொய் ஒன்றும் இல்லை.

"சாப்பாடு?"

தங்கவேல் என் முன்னால்தான் நின்றான். எனக்கு யோசிக்க நேரமில்லை, ஆனால் யோசித்துத்தான் சொன்னேன். வேலையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் அவன் சத்தியம் வாங்கினான். சாப்பாட்டைப் பற்றி யாரும் எதுவும் வாங்கவில்லை. ஐந்து வருஷம் அவனுக்கு மதிய டப்பா கட்டியவள் அவள்.

"புளிசாதம் கட்டிக் குடுக்கறேன்" என்றேன். "நேத்தும் புளிசாதம். அதுக்கு முன்னாடி தயிர்சாதம். சாம்பாரே வேண்டாங்கறான்."

தங்கவேல் மூச்சுவிட்டான். இவ்வளவுதானா என்கிற மாதிரி சோபாவில் போய் உட்கார்ந்தான். ஆம்பிளை.

அந்தப் பக்கம் பின்னால் யாரோ பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போகிற சத்தம். பாத்திரம் உருளுகிற சத்தம்.

"சூடு பண்றதில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"எங்க உக்காந்து சாப்பிடறாரு?"

நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கும் தேவைப்படவில்லை.

"எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க அத்தை. சொன்னா விசாவுக்குப் பயந்துக்கிட்டு வேகவேகமா என்னையக் கிளம்பி வரச் சொல்லுவாரு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை இருக்குதுங்க. நடுவுல உட்டுட்டு வந்தா, மொத நாள் எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாங்களே, அது சரின்னு ஆயிரும்."

"ம்" என்றேன்.

ஆக, மகனுக்கு ஒரு சத்தியம், மருமகளுக்கு ஒரு 'ம்'. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு அந்த வீட்டில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தங்கவேல் தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு லைப்ரரிக்குப் போய்க் கம்பெனிகளுக்கு எழுதினான். சனிக்கிழமைகளில் போனில் ஆபீஸ் கதை சொன்னான். செல்வி அந்தக் கதைக்கெல்லாம் "அப்படீங்களா, அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டாள். ஜமீலா மட்டும் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எனி நியூஸ் ஆன்ட்டி?" என்று உதட்டை அசைத்துக் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

அவள் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை.

அவள் விசாவில்

அந்தச் சனிக்கிழமை செல்வி அவனிடம் பேசவே இல்லை. "அத்தைகிட்டக் குடுங்க" என்றாளாம்.

"அத்தை, பரீட்சை முடிஞ்சுதுங்க. காலேஜ்ல என்னைய வருசம் பூராவும் இருக்கச் சொல்றாங்க. சம்பளம் குடுப்பாங்க, ஊடு குடுப்பாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரலாங்கறாங்க. அவருக்கு ஒரு வருசத்துக்கு விசா போட்டுத் தருவாங்களாம்."

என் மனதுக்குள் மடித்து வைத்திருந்த அரக்கு ஸ்வெட்டர் தானாகப் பிரிந்தது. இந்தக் காலேஜ் இன்றைக்குத்தான் கேட்டதா? இல்லை, பெட்டி கட்டும்போதே கேட்டிருந்ததா? புருஷனுக்கு வேலை போகாவிட்டாலும் இவள் இதைத்தான் கேட்டிருப்பாளா?

"நீங்க வேண்டான்னா வேண்டாங்க அத்தை. டிக்கெட் கையில இருக்குது. கிளம்பி வர்றேன். ஏர்போர்ட்ல என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்."

அவள் குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை. நான் எத்தனை சந்தேகப்பட்டாலும் அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. புருஷனுக்குத்தான் அந்த நடுக்கமா, அந்தப் பிள்ளைகளுக்கா, அதுதான் தெரியவில்லை. யாருக்காக இருந்தால் என்ன என்று அந்த நிமிஷம் தோன்றியது.

போனைக் காதிலிருந்து எடுத்து மகனிடம் திரும்பினேன்.

"உம் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும். அங்கயே வேலை குடுத்திருக்காங்களாம். உன்னையும் வரச் சொல்றா. போறியா?"

"எல்லாம் தெரியுமா? நீ சத்தியம் பண்ணினயேம்மா!"

"புளிசாதம்னுதான் சொன்னேன். நீ பக்கத்துலதான நின்னுட்டிருந்தே?"

"அங்க போயி நான் என்னம்மா பண்றது? அவ விசாவுல உக்காந்திருக்கறதா?" என்றான்.

"அவ உன் விசாவுல அஞ்சு வருசம் உக்காந்திருந்தாள்ல? நீ ஒரு வருசம் உக்காரு."

போன் என் கையில் திறந்தேதான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. போனை அவன் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்று சாம்பார் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க.

நாமக்கல்லில்

வீட்டைக் காலி பண்ணினோம். சோபாவும் கட்டிலும் ஜமீலா வீட்டுக்குப் போயின. நான் ஊருக்கு, அவன் சீனாவுக்கு. ஊரில் கேட்டவர்களிடம், "மகனுக்குச் சீனாவுல மாத்தல்" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது போன் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்கள் நாளும் என் நாளும் ஒன்றாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

தங்கவேல் எடுத்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "மதியத்துக்கு என்னடா?"

"நாந்தாம்மா சமைக்கறேன். அவளுக்கும் டப்பா கட்டிக் குடுத்து உடறேன்."

"வெள்ளிக்கிழமை அவளுக்கு என்ன கட்டுன?"

"சாம்பார் சாதம். ஸ்டாஃப் ரூம்ல அடுப்பு இருக்குது."

இதை நான் அப்படியே விடுவதில்லை. அவளிடம் போன் போனதும், "வெள்ளிக்கிழமை உனக்கு என்ன கட்டிக் குடுத்தான்? சூடா இருந்துச்சா?" என்று தனியாகக் கேட்பேன். இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போக வேண்டும் எனக்கு.

மார்கழி பிறந்தபோது இங்கேயே காலையில் பனி. அங்கே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"குளுரு எப்படியம்மிணி?"

"பனி கொட்டுதுங்க அத்தை. குளம் எல்லாம் உறைஞ்சு போச்சு. பிள்ளைங்க அதுமேல நடந்துக்கிட்டு கிளாசுக்கு வர்றாங்க."

"உனக்குத் துணிமணி இருக்குதா?"

"ஸ்வெட்டர் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

"தெரியும் கண்ணு" என்றேன். "அத நாந்தான மடிச்சு வெச்சேன்."